நீலகிரிப் பழங்குடிகளின் உடலளவியல் ஒப்பீடு

மனித உடலின் உயரம், எடை, தலை, மூக்கு, கை, கால் முதலியவற்றை முறைப்படி அளந்து ஒப்பிடும் துறை உடலளவியல் எனப்படும். மானிட அளவையியல் என்ற பெயரும் வழக்கில் உண்டு. தென்னிந்தியாவில் இத்துறை வேரூன்றிய முதன்மையான களங்களில் ஒன்று நீலகிரி. ஒரே மலையில் அருகருகே வாழ்ந்தும் மொழியாலும் தொழிலாலும் வேறுபட்ட தொதவர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் ஆகியோரை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வாளர்கள் அளந்து ஒப்பிட்டனர். அந்த எண்கள் அன்று இனப் பாகுபாட்டுக்குச் சான்றாகக் காட்டப்பட்டன. இன்று அவை வேறு விதமாக வாசிக்கப்படுகின்றன. புதுச்சேரி உள்ளிட்ட கடற்கரைச் சமவெளியில் வாழும் இருளரையும் இந்த ஒப்பீடு தொடுகிறது.

அண்டை மக்கள்

நீலகிரியின் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு தொதவர்கள் எருமை வளர்த்தும், படகர்கள் வேளாண்மை செய்தும் வாழ்ந்தனர். கோத்தர்கள் கொல்லு வேலை, மட்பாண்டம், இசை ஆகியவற்றில் தேர்ந்தவர்கள். குறும்பர்களும் இருளர்களும் சரிவுகளிலும் அடிவாரக் காடுகளிலும் தேன், கிழங்கு, மூலிகை சேகரித்தும் சிறு அளவில் பயிர் செய்தும் வாழ்ந்தனர். மேட்டுநிலத்தார் பாலும் தானியமும் தர, கோத்தர் இரும்புக் கருவிகளும் இசையும் தர, குறும்பர் காட்டுப் பொருள்களும் மந்திரச் சடங்குகளும் தர, இவர்களுக்கிடையே நெடுங்காலம் பண்டமாற்று உறவு இருந்தது. எனினும் மணவுறவு பெரும்பாலும் அவரவர் குடிக்குள்ளேயே நிகழ்ந்தது.

நெருங்கிய தொடர்பும் தனித்த மணவுறவும் ஒருங்கே இருந்த இந்த அமைப்பே ஆய்வாளர்களை ஈர்த்தது. ஒரே மலையில் வாழ்வோர் உடலமைப்பில் வேறுபட்டால் அதற்குக் காரணம் பரம்பரையா, வாழ்முறையா என்பது அவர்கள் முன் நின்ற கேள்வி.

அளக்கப்பட்டவை

அக்கால உடலளவியலில் மூன்று அளவுகள் முதன்மை பெற்றன.

உயரம்: வெறுங்காலுடன் நிற்கும் ஒருவரின் தரையிலிருந்து உச்சந்தலை வரையிலான அளவு.

தலைச் சுட்டெண்: தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைக்கும் எண். ஏறத்தாழ 75க்குக் கீழ் இருந்தால் நீள்தலை என்றும், 80க்கு மேல் இருந்தால் அகன்ற தலை என்றும் கொள்ளப்பட்டது. சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ரெட்சியஸ் 1840களில் இதை அறிமுகப்படுத்தினார்.

மூக்குச் சுட்டெண்: மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கிய எண். உயிருடன் இருப்போரில் 70க்குக் கீழ் குறுகிய மூக்கு, 70 முதல் 85 வரை நடுத்தரம், அதற்கு மேல் அகன்ற மூக்கு என வகுக்கப்பட்டது.

இந்த அளவைமுறைகள் பலவற்றையும் அவற்றுக்கான கருவிகளையும் ஒழுங்குபடுத்தியதில் பிரெஞ்சு அறிஞர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பால் புரோக்கா 1859இல் பாரிஸ் மானிடவியல் கழகத்தை நிறுவினார். முகக் கோணத்தை அளக்க அவர் வடிவமைத்த கருவியைப் பின்னர் சென்னை மாகாண ஆய்வாளர்களும் பயன்படுத்தினர்.

தர்ஸ்டனின் அளவீடுகள்

மருத்துவக் கல்வி பெற்ற எட்கர் தர்ஸ்டன் 1885இல் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரானார். 1890களில் அவர் நீலகிரிக்குச் சென்று அளவீடுகளைத் தொடங்கினார். தொதவர், கோத்தர் பற்றிய முடிவுகள் 1896இலும், படகர், இருளர் மற்றும் வயநாட்டுப் பகுதிப் பணியர் பற்றியவை 1897இலும் அருங்காட்சியக வெளியீடுகளாக வந்தன. 1901இல் மாகாண இனவரைவியல் கணக்கெடுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கே. ரங்காச்சாரியின் துணையுடன் அவர் தொகுத்த, தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய 7 தொகுதி நூல் 1909இல் வெளிவந்தது.

அளக்கப்பட்டோர் ஒவ்வொரு குடியிலும் சில பத்து ஆண்களே. அவர்களின் சராசரி உயரம் முழு எண்ணில் ஏறத்தாழ இவ்வாறு அமைந்தது:

தொதவர் – 170 செ.மீ.
படகர் – 164 செ.மீ.
கோத்தர் – 163 செ.மீ.
இருளர் – 160 செ.மீ.
குறும்பர் – 158 செ.மீ.

மூக்குச் சுட்டெண்ணும் இதே வரிசையை ஒட்டியே இருந்தது. தொதவர், படகர், கோத்தர் ஆகியோரின் சராசரி 75ஐ ஒட்டியும், இருளர், குறும்பர் சராசரி 85ஐ ஒட்டியும் இருந்தன. பணியரின் சராசரி 95ஐத் தொட்டது. தலைச் சுட்டெண்ணில் இத்தகைய இடைவெளி தெரியவில்லை. எல்லாக் குடிகளும் நீள்தலை வகைக்குள்ளோ அதன் விளிம்பிலோ அமைந்தன.

இதிலிருந்து தர்ஸ்டன் மேட்டுநிலக் குடிகளையும் காட்டுக் குடிகளையும் இரு பிரிவாகக் கண்டார். குட்டையான உடலும் அகன்ற மூக்கும் உடையோர் திராவிடருக்கு முந்தைய தொல்குடிகள் என்பது அவர் கருத்து. வங்காளத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி 1891இல் ஒரு படி மேலே சென்று, மூக்கின் அகலம் கூடக் கூடச் சமூகப் படிநிலை இறங்குகிறது என்றே எழுதியிருந்தார்.

அளக்கப்பட்டோரின் அச்சம்

அளவீட்டின் மறுபக்கத்தைத் தர்ஸ்டனே பதிவு செய்துள்ளார். பழைய சிறு குற்றம் ஒன்றுக்காகக் காவல் துறை தேடிவந்த நீலகிரி இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி அளவெடுப்புக்கு உடன்பட மறுத்துவிட்டார். பணியப் பெண்கள், தங்களில் சிறந்தவர்களைப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார்கள் என்று அஞ்சினர். தர்ஸ்டன் இவற்றை வேடிக்கை நிகழ்ச்சிகளாகவே சொல்லிச் செல்கிறார்.

அந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அதே காலத்தில் குற்றவாளிகளை அடையாளம் காண, பிரான்சின் பெர்த்தியோன் வகுத்த உடலளவு முறையை இந்தியக் காவல் துறை பயன்படுத்தி வந்தது. தர்ஸ்டன் காவல் அலுவலர்களுக்கும் அளவீட்டுப் பயிற்சி அளித்தார். 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் ஏற்கெனவே வட இந்தியாவில் நடைமுறையில் இருந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. அளவுகோலுடன் வரும் அரசு அலுவலர் எதற்காக வருகிறார் என்ற கேள்வி மலைமக்களுக்கு இயல்பாகவே எழுந்தது. தம் உடலின் எண்கள் எங்கே போகும், எதற்குப் பயன்படும் என்று அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை.

பிரெஞ்சு ஆய்வாளர் லப்பிக்

அந்தமான் தீவுகளின் குறுகிய உடலும் சுருள்முடியும் உடைய மக்களைப் போன்றோர் தென்னிந்திய மலைகளிலும் உள்ளனரா என்ற கேள்வி ஐரோப்பாவில் பரவலாக இருந்தது. உடலியங்கியல் அறிஞரான லூயி லப்பிக் இதற்கு விடை தேடி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவுக்கு வந்தார். நீலகிரி, ஆனைமலை மக்களை ஆராய்ந்ததுடன் 1904இல் ஆதிச்சநல்லூரிலும் அகழ்ந்தார்.

1906இல் வெளியான கட்டுரையில் அவர் தெளிவான முடிவைச் சொன்னார். இம்மலைகளிலோ, அநேகமாக இந்தியாவில் வேறெங்குமோ, அந்தமானியரைப் போலக் கலப்பற்ற தொல்லினம் என்று காட்டத்தக்க மக்கள் இல்லை. இருப்பவர்கள் பல அளவில் கலந்த மக்களே. தூய இனத்தைத் தேடி வந்தவர் அது இல்லை என்று எழுதியது குறிப்பிடத்தக்கது. ஆயினும் விவாதம் ஓயவில்லை. பி.எஸ். குகா 1920களின் இறுதியில் ஆனைமலைப் பகுதிக் காடர்களிடையே சுருள்முடி உடைய சிலரைக் கண்டு மீண்டும் அக்கருத்தை எழுப்பினார்.

எண்களை வாசிக்கும் முறை

சராசரிகளை மட்டும் பார்த்தால் குடிகள் தனித்தனி வார்ப்புகளாகத் தோன்றும். தனிமனிதரைப் பார்த்தால் அந்தத் தோற்றம் கலைந்துவிடும். வளர்ந்த ஆண்களின் உயரத்தில் ஒரு குழுவுக்குள்ளேயே பொதுவாக 6 செ.மீ. அளவு திட்ட விலக்கம் இருக்கும். அதாவது சராசரி 158 செ.மீ. உள்ள குழுவில் 164 செ.மீ. உயரமானவர்களும், சராசரி 170 செ.மீ. உள்ள குழுவில் 164 செ.மீ. உயரமானவர்களும் இயல்பாகவே இருப்பார்கள். 164 செ.மீ. உயரமுள்ள ஒருவரை அந்த அளவை மட்டும் வைத்துத் தொதவர் என்றோ குறும்பர் என்றோ சொல்ல முடியாது.

மாதிரியின் அளவும் முக்கியம். குழுவுக்கு 25 பேர் வீதம் அளந்தால், இரு சராசரிகளின் வேறுபாட்டில் 1.7 செ.மீ. அளவு திட்டப் பிழை இருக்கும். எனவே படகருக்கும் கோத்தருக்கும் இடையே காணப்படும் 1 செ.மீ. வேறுபாட்டுக்குத் தனிப் பொருள் கொள்ள இயலாது. தொதவருக்கும் குறும்பருக்கும் இடையே உள்ள 12 செ.மீ. வேறுபாடு அப்படிப்பட்டதன்று. அது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் வேறுபாடு உண்டு என்பது ஒரு செய்தி, அது ஏன் வந்தது என்பது வேறொரு கேள்வி. அளவுகோல் முதலாவதற்கு மட்டுமே விடை தரும்.

இத்துறையில் கணிதத் தெளிவைக் கொண்டுவந்தவர் பி.சி. மகலனோபிஸ். அவர் 1930களில் ரிஸ்லியின் தரவுகளை மீளாய்வு செய்து, அச்சிட்ட எண்களில் இருந்த முரண்களைத் திருத்தினார். 1936இல் பல அளவுகளை அவற்றுக்கிடையேயான தொடர்பையும் கணக்கில் கொண்டு ஒரே எண்ணாகச் சுருக்கும் தொலைவளவை முன்வைத்தார். உயரமானவருக்குக் கையும் நீளமாகவே இருக்கும் என்பதால், உயரம், கை நீளம் இரண்டையும் தனித்தனிச் சான்றுகளாக எண்ணுவது தவறு என்பதே இதன் உட்கருத்து. இன்று அவர் பெயரால் வழங்கும் இந்த அளவு, புள்ளியியலிலும் கணினித் துறையிலும் நாள்தோறும் பயன்படுகிறது.

பரம்பரையும் சூழலும்

உடலளவுகள் தலைமுறைகள் கடந்தும் மாறாதவை என்ற நம்பிக்கையே பழைய இனப் பாகுபாட்டின் அடித்தளம். அமெரிக்காவில் குடியேறியோரையும் அவர்கள் பிள்ளைகளையும் சேர்த்து ஏறத்தாழ 18,000 பேரை அளந்த ஃபிரான்ஸ் போவாஸ், அங்குப் பிறந்த பிள்ளைகளின் தலைச் சுட்டெண்ணே பெற்றோரிடமிருந்து மாறுபடுவதை 1911இல் வெளியிட்டார். அந்த மாற்றத்தின் அளவு குறித்து இன்றும் விவாதம் உண்டு. ஊட்டமும் நோயும் உயரத்தை மாற்றும் என்பதில் விவாதம் இல்லை.

மூக்கின் வடிவத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை ஆர்தர் தாம்சனும் டட்லி பக்ஸ்டனும் 1923இல் உலகளாவிய தரவுகளைக் கொண்டு காட்டினர். வெப்பமும் ஈரப்பதமும் மிக்க பகுதிகளில் அகன்ற மூக்கும், குளிர்ந்த வறண்ட பகுதிகளில் குறுகிய மூக்கும் பொதுவாகக் காணப்படுகின்றன. உள்ளே செல்லும் காற்றை வெதுவெதுப்பாக்கி ஈரமாக்குவது மூக்கின் பணி என்பதால் இது பொருந்துகிறது.

நீலகிரியில் குளிர்ந்த மேட்டுநிலத்தில் பாலும் மோரும் உண்டு வாழ்ந்தவர்களும், வெப்பமும் மலேரியாவும் மிகுந்த சரிவுகளில் வாழ்ந்தவர்களும் வெவ்வேறு சூழலில் வளர்ந்தவர்கள். இவ்வேறுபாட்டில் பரம்பரைக்கு எவ்வளவு, சூழலுக்கு எவ்வளவு என்பதை ஒரு தலைமுறையில் எடுத்த அளவுகளால் மட்டும் பிரித்தறிய இயலாது.

மொழி சொன்ன விடை

தொதவர்களின் உயரத்தையும் தாடியையும் மேலாடையையும் கண்ட ஐரோப்பியர் பலர் அவர்களை இஸ்ரவேலின் தொலைந்த குலம் என்றும் ரோமர் வழியினர் என்றும் ஊகித்தனர். இதற்கு விடை தந்தது மொழியியல். 1930களில் நீலகிரியில் களப்பணி செய்த எம்.பி. எமனோ, தொதவ மொழி தென் திராவிட மொழிகளுள் ஒன்று என்பதையும், அதற்கு மிக நெருங்கிய மொழி கோத்தம் என்பதையும் விரிவாக நிறுவினார்.

தொதவருக்கும் கோத்தருக்கும் சராசரி உயரத்தில் 7 செ.மீ. இடைவெளி உண்டு. மொழியிலோ இருவரும் உடன்பிறப்புகள் போன்றவர்கள். படகருக்கும் கோத்தருக்கும் உயரம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் படகு மொழி கன்னடத்துக்கு நெருக்கமானது. உடலளவு காட்டும் உறவும் மொழி காட்டும் உறவும் ஒத்துப்போகவில்லை. எனவே உடலளவை மட்டும் வைத்து ஒரு மக்களின் வரலாற்றை எழுத முடியாது என்பதற்கு நீலகிரியே நல்ல எடுத்துக்காட்டு.

குருதி ஆய்வு

1952இல் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் நீலகிரி மக்களின் குருதியை ஆராய்ந்து, அரிவாள் வடிவச் செல் மரபுக்கூறு இந்தியாவில் இருப்பதை உலகுக்கு அறிவித்தனர். காட்டுக் குடிகளிடையே அது மிகுதியாகவும் தொதவர், படகரிடையே குறைவாகவும் காணப்பட்டது. தொடக்கத்தில் இதுவும் பழைய இனப் பிரிவுக்குச் சான்றாகக் கருதப்பட்டது. ஆனால் அக்கூறில் ஒன்றை மட்டும் பெற்றவர்களுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கிறது என்பதை 1954இல் அந்தோணி அல்லிசன் ஆப்பிரிக்காவில் நிறுவினார். மலேரியா மிகுந்த சரிவுகளில் அக்கூறு நிலைத்துப் பெருகியதற்கு இது பொருத்தமான விளக்கம். இன அடையாளமாகக் கருதப்பட்ட ஒன்று நோய்ச் சூழலின் தடமாக மாறியது. இரு பெற்றோரிடமிருந்தும் அக்கூறைப் பெறும் குழந்தை கடும் குருதிச்சோகைக்கு ஆளாகிறது. அரிவாள் செல் சோகையை ஒழிக்கும் தேசிய இயக்கத்தை இந்திய அரசு 2023இல் தொடங்கியது.

புதுச்சேரியும் சமவெளி இருளரும்

இருளர் என்ற பெயரில் நீலகிரியிலும், செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர், புதுச்சேரிப் பகுதிச் சமவெளியிலும் மக்கள் வாழ்கின்றனர். சமவெளியினர் வில்லியர் என்றும் வேட்டைக்காரர் என்றும் அழைக்கப்படுவதுண்டு. தர்ஸ்டன் செங்கல்பட்டு இருளரையும் அளந்தார். இரு குழுவின் சராசரி உயரமும் ஏறத்தாழ 160 செ.மீ. ஆனால் மலை இருளரின் மூக்குச் சுட்டெண் 85ஐ ஒட்டியும், சமவெளி இருளருடையது 80ஐ ஒட்டியும் இருந்தன. ஒரே பெயருடைய இரு குழுக்களுக்கிடையே உள்ள இந்த இடைவெளி, தொதவருக்கும் கோத்தருக்கும் இடையே உள்ளதைவிடப் பெரிது.

புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இந்தியாவுடன் அதன் சட்டபூர்வ இணைப்பு 1962இல் நிறைவடைந்தது. பட்டியல் சாதியினருக்கான ஆணை 1964இல் வந்தபோதும், பட்டியல் பழங்குடி என்று எவரும் அங்கு அறிவிக்கப்படவில்லை. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் இருளர் பழங்குடியினர். சில கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில் வாழும் அதே மக்களுக்கு அந்தத் தகுதி அன்று இருக்கவில்லை. 2016 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் ஆணை வழி, வில்லி, வேட்டைக்காரர் உட்பட இருளர் புதுச்சேரியின் பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்டனர்.

இத்தகைய அறிவிப்புகளுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுபவை 1965ஆம் ஆண்டின் லோகூர் குழு சுட்டிய ஐந்து கூறுகள்: தொன்மை வாழ்வின் தடங்கள், தனித்த பண்பாடு, நிலவியல் தனிமை, வெளியாரிடம் பழகத் தயக்கம், பின்தங்கிய நிலை. இவற்றுக்கும் விமர்சனங்கள் உண்டு. ஆயினும் மூக்கோ தலையோ இப்பட்டியலில் இல்லை. நீலகிரியின் தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குடிகளும் மிகவும் நலிவுற்ற பழங்குடிப் பிரிவில் உள்ளனர். படகர்கள் பழங்குடித் தகுதி கோரி வருகின்றனர். இக்கோரிக்கையை உடலளவு கொண்டு முடிவு செய்ய இயலாது.

புதுச்சேரி நகரில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தாவரப் பரப்பை விரிவான நிலவரைபடங்களாக வெளியிட்டுள்ளது. மழை, உயரம், காட்டு வகை ஆகியவற்றை இணைத்துக் காட்டும் இவை, மலைமக்கள் வாழ்ந்த சூழலைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. லப்பிக் காலத்தில் இல்லாத பார்வை இது.

இன்றைய பயன்

இனப் பாகுபாட்டுக்குப் பயன்பட்ட உடலளவியல் இன்று நலவாழ்வுத் துறையின் கருவியாக உள்ளது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் அது கடும் ஊட்டக்குறைவின் அடையாளம். வயதுக்கேற்ற உயரம் இல்லாமை நீண்டகாலப் பசியையும் நோயையும் காட்டும். வளர்ந்தவர்களில் உடல் நிறைச் சுட்டெண் 18.5க்குக் கீழ் இருந்தால் எடைக்குறைவு எனக் கொள்ளப்படுகிறது.

அங்கன்வாடியில் குழந்தையின் கையைச் சுற்றும் நாடா, தர்ஸ்டனின் அளவுகோலைப் போன்றதுதான். ஆனால் அளந்த எண் அந்தக் குழந்தையின் உணவாகவும் மருந்தாகவும் திரும்பி வர வேண்டும். அளக்கப்படுவோருக்கு நோக்கத்தைச் சொல்லி இசைவு பெற வேண்டும் என்பது இன்றைய ஆய்வு நெறி. குறும்பரும் இருளரும் குள்ளமாக இருப்பது அவர்கள் இயல்பு என்று பழைய பட்டியலை நம்பி விட்டுவிட்டால், ஊட்டக்குறைவால் வளராத குழந்தையும் இயல்பானதாகவே தோன்றிவிடும். பழைய எண்களை எச்சரிக்கையுடன் வாசிக்க வேண்டியதன் முதன்மைக் காரணம் இதுவே.